அட்டையையும் இதழாக நினையுங்கள்: தமிழ் இலக்கிய இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் சிலருடைய இதழ்களுக்குப் பல வருஷமாகச் சந்தா கட்டி வருகிறவள். கதை, கவிதை, கட்டுரை பற்றி உங்களுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். இந்த மடல் படங்களைப் பற்றியது. அட்டை ஓவியம், உள்ளே வரும் கோட்டோவியம், கருத்துப்படம், சிரிப்புச் சித்திரம் எல்லாமே இதழின் உள்ளடக்கம்தான். அவற்றை வரைகிறவர்களும் உங்கள் எழுத்தாளர்களுக்குச் சமமான படைப்பாளிகள்தான். அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் 'நியூ யார்க்கர்' என்கிற அமெரிக்க வார இதழின் பழைய பிரதிகளை வைத்துக் கொண்டுவருவான். கட்டுரைகள் மிக நீளம், அவற்றை மெல்ல மெல்லப் படிப்பேன். கார்ட்டூன்களை வந்த அன்றே பட்டாலையில் உட்கார்ந்து பார்த்து முடித்துவிடுவேன். 1925ல் தொடங்கிய இதழ் அது. முதல் அட்டையில் உயரத் தொப்பி வைத்த ஒரு கனவான் ஒற்றைக் கண்ணாடி வழியே வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கிறார். ரியா இர்வின் வரைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த இதழின் அட்டையில் பெரும்பாலும் ஓவியம்தான். இதழின் பெயர், தேதி, விலை, இவ்வளவுதான் எழுத்து. உள்ளே யார் எழுதியிருக்கிறார், என்ன கதை என்று அட்டையில் போடுவதே இல்லை.

அந்த அட்டை எதற்கும் விளம்பரமல்ல. அது தானாகவே ஒரு படைப்பு. உள்ளே கார்ட்டூன்களும் அப்படித்தான். அரசியல் கட்டுரை நடுவில் ஒரு நாய் சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். கட்டுரைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. நம் இதழ்களில் ஓவியருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் 'கதைக்குப் படம்'. கதையில் மழை என்றால் குடை வரைய வேண்டும், கிழவி என்றால் கிழவி. தானாக ஒன்றைச் சொல்ல அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய இதழ்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சால் ஸ்டைன்பெர்க் என்ற ஓவியர் நியூ யார்க்கரின் 1976 மார்ச் இதழ் ஒன்றுக்கு வரைந்த ஒரு அட்டை உண்டு. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நியூ யார்க்கின் ஒன்பதாம் அவென்யூவிலிருந்து மேற்கே பார்க்கிற காட்சி. முன்னால் இரண்டு தெரு மட்டும் கட்டடம், கார், நடந்து போகிறவர்கள் என்று பொடிப்பொடியாக வரையப்பட்டிருக்கும். பிறகு ஹட்சன் ஆறு, அதற்கப்பால் ஒரு பட்டையாக ஜெர்சி. மிச்ச அமெரிக்கா முழுவதும் நாலைந்து பாறையும் சில ஊர்ப் பெயர்களும்தான். பிறகு பசிபிக் கடல், அதன் கரையில் சீனா, ஜப்பான், ரஷ்யா என்று மூன்று மேடு. ஒரு ஊர்க்காரரின் மனசில் உலகம் எந்த அளவில் இருக்கிறது என்பதை ஒரே தாளில் காட்டிவிட்டார். அதைச் சொல்ல ஒரு நாவலாசிரியருக்கு முந்நூறு பக்கம் ஆகும்.

அந்த அட்டையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இதைச் செட்டிநாட்டிலிருந்து ஒருவர் வரைய வேண்டும் என்று எனக்கு ஆசை வரும். முன்னால் வீட்டு முகப்பு, திண்ணை, தேக்குத் தூண். தெருமுனையில் ஊருணி. அதைத் தாண்டிக் கல்லுக்கட்டி, செக்காலை ரோடு, கொப்புடையம்மன் கோயில் கோபுரம். பிறகு ஒரு கோடாக மதுரை, அதைவிடச் சிறியதாக மெட்ராஸ். கடலுக்கு அப்பால் மட்டும் எல்லாம் பெரிது: ரங்கூன், மோல்மேன், பினாங்கு, ஈப்போ, சைகோன், கொழும்பு. என் ஐயா தலைமுறைக்கு மெட்ராஸைவிட ரங்கூன் பக்கம். அங்கே எந்தத் தெருவில் யார் கடை என்று சொல்வார்கள், மவுண்ட் ரோடு எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஒரு சமூகம் வட்டிக் கணக்கோடு கடல் தாண்டிப் போனதும், வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டுப் போனதும் அந்த ஒரே படத்தில் வந்துவிடும். வரையத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அட்டையைத் தருகிறோம் என்று கேட்க ஒரு ஆசிரியர்தான் வேண்டும்.

இதையெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று தள்ளிவிட வேண்டாம். தமிழ் இதழியலில் கருத்துப்படத்துக்கு வழி திறந்தவர் ஒரு கவிஞர். 1906ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கருத்துப்படத்தை முன்பக்கத்திலேயே போட்டு, அதற்கு விளக்கமும் எழுதினார். இதழ் புதுச்சேரிக்குப் போன பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. அவர் 1919ல் காரைக்குடிக்கு வந்தார், இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனார், கானாடுகாத்தானில் தங்கினார். இன்று நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பாரதி புகைப்படங்களில் சில அந்தப் பயணத்தில் காரைக்குடியில் எடுத்தவை. அந்தச் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஊர்க்காரர்கள் பாரதியின் பாட்டைச் சொல்வார்கள். கருத்துப்படம் போட்ட ஆசிரியராக அவரை நினைப்பவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பாரதியையும் பிடிக்கும். நாட்டு நிலைமையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

அப்புறம் 'ஆனந்த விகடன்'. 1928ல் எஸ்.எஸ். வாசன் கைக்கு அந்த இதழ் போன பிறகு ஓவியர் மாலி வந்தார், ராஜு வந்தார், பின்னால் கோபுலு வந்தார். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளை உட்கார்ந்து வரைந்தார். 'கல்கி'யில் மணியம். இவை ஜனரஞ்சக இதழ்கள், எங்களோடு சேர்க்காதீர்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கோபுலு வசனமே இல்லாமல் படம் படமாக ஒரு சிரிப்பைச் சொல்லி முடித்தாரே, அந்தச் சிக்கனத்தை நல்ல சிறுகதை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? யார் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்லும் இல்லை. தோள் எப்படிச் சாய்ந்திருக்கிறது, புருவம் எங்கே நிற்கிறது என்பதில் ஆள் முழுதாகத் தெரிந்துவிடுகிறார்.

சிற்றிதழ்களும் இதில் பின்தங்கி இருந்ததில்லை. 1970ல் வந்த 'கசடதபற' நவீன ஓவியர்களைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்தது. கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு மைக் கோடு தமிழ் வாசகன் கண்ணுக்குப் பழகியது பெரும்பாலும் இலக்கிய இதழ்களின் வழியாகத்தான், ஓவியக் கூடத்துக்குப் போய் அல்ல. அவர் கையால் எழுதிய தலைப்பு எழுத்துக்களைப் பாருங்கள். 'அ'வின் வளைவில் மட்டும் எவ்வளவு நேரம் நிற்கலாம்! கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை நடத்திய 'சுபமங்களா'விலும் ஓவியத்துக்கு மரியாதை இருந்தது. ஆதிமூலம், மருது என்று பெயர் சொல்லிப் பேசும் வாசகர்கள் அப்போது காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்தார்கள்.

அன்றைக்கு அது சுலபமாக நடந்துவிடவில்லை. அச்சுக் கோத்த காலத்தில் ஒரு படம் போட வேண்டும் என்றால் பிளாக், அதாவது அந்தப் படத்துக்கான உலோக அச்சு, செய்ய வேண்டும். அதற்குத் தனிச் செலவு. புகைப்படம் என்றால் ஹாஃப்டோன் பிளாக், அது தெளிவாக விழ வழவழப்பான தாளும் வேண்டும். கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும், மட்டமான தாளிலும் பளிச்சென்று விழும். காசில்லாத சிற்றிதழும் கறுப்புக் கோடும் அப்படித்தான் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று நினைக்கிறேன். இன்று அந்தச் செலவே கிடையாது. ஓவியர் ஒரு படத்தை நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார், ஆஃப்செட்டில் ஒரு பக்க எழுத்துக்கும் ஒரு பக்க ஓவியத்துக்கும் அச்சுக்கூலி ஒன்றுதான். பிளாக்குக்குக் காசு தேடி அலைந்த காலத்தில் வந்த ஓவியம், ஒன்றும் செலவில்லாத காலத்தில் ஏன் குறைந்தது? இதை உங்களிடம்தான் கேட்க முடியும்.

இப்போது பல அட்டைகளில் மறைந்த எழுத்தாளரின் புகைப்படம் வருகிறது. இல்லையென்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மரம், ஒரு கடற்கரை, ஒரு ஜன்னல். அதன் மேல் பத்துப் பதினைந்து பெயர்கள். அண்மையில் வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. எனக்கு வந்த ஓர் இதழின் அட்டையில் ஒரு செட்டிநாட்டு வீடு. தூண் இருந்தது, முற்றம் இருந்தது, தரையில் பூ போட்ட கல்லும் இருந்தது. உற்றுப் பார்த்தால் தூண்கள் எந்த உத்தரத்தையும் தாங்கவில்லை. கல்லின் பூ ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் மாறுகிறது. நடுவில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் இடது கையில் ஆறு விரல். கணினியிடம் வாக்கியம் கொடுத்து வாங்கிய படம். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, ஒவ்வொரு கல்லையும் கையால் செய்கிறார்கள். அந்தத் தரையில் பிறந்து தவழ்ந்தவள் நான். அதே இதழில் கைத்தொழில் அழிவைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை இருந்தது என்பதால் வருத்தம் இரண்டு மடங்காயிற்று. கதையைக் கணினியிடம் எழுதி வாங்கிப் போடுவீர்களா? மாட்டீர்கள். அதே கண்டிப்பு அட்டைக்கும் வேண்டும்.

இங்கே எங்கள் பக்கம் இதழ்களுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். பத்திரிகை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்து 'ஊழியன்' வந்தது. 1939ல் 'சக்தி'யைத் தொடங்கிய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர். குழந்தைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பாவுக்கும் அதே ஊர். 'கல்கண்டு' தமிழ்வாணன் தேவகோட்டை. வாசிக்கிற வீடுகளும் நிறைய இருந்தன. ஆண்கள் கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போன நாட்களில் பெண்கள் வீட்டு வளவுக்குள் இருந்து படித்தார்கள். என் ஆத்தா வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்து அடுக்கி வைத்து, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார். அவர் தைத்து, மூன்று பக்கமும் கட்டரில் வெட்டி, காலிகோ ஒட்டித் தருவார். அந்தத் தொகுதிகள் இன்னும் பெட்டகத்தில் இருக்கின்றன.

போன மாதம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'பொன்னியின் செல்வன்', 1950களின் 'கல்கி'ப் பக்கங்கள். கதை முழுதும் இருக்கிறது, மணியம் படங்களும் இருக்கின்றன. ஆனால் ஓரம் வெட்டியதில் படத்தின் கீழ் மூலையில் இருந்த கையெழுத்துப் பல இடங்களில் பாதியாக நிற்கிறது. ஓரிடத்தில் வெறும் 'ம்' மட்டும். அட்டை ஒன்றுகூட இல்லை. இன்னொரு இதழின் தொகுதியில், தொடர்கதைப் பக்கத்தின் பின்பக்கம் ஒரு சிரிப்புச் சித்திரம். மாப்பிள்ளை மாதிரி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஒருவர் கையை நீட்டி ஏதோ கேட்கிறார். வசனம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, அந்தப் பக்கம் எங்களிடம் இல்லை. கதையைக் காப்பாற்றினோம், மற்றதை விட்டுவிட்டோம். ஆத்தாவுக்கு அப்போது தோன்றியது அது. தொடர்கதைதான் பொக்கிஷம் என்று எல்லோரும் நினைத்த காலம்.

நீங்கள் அந்தக் காலத்தில் இல்லையே? பழைய சிற்றிதழ்களைத் தொகுத்து நூலாகப் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கதை, கவிதை, விவாதம் எல்லாவற்றையும் புதிதாக அச்சுக் கோத்துவிட்டு அட்டைகளையும் கோட்டோவியங்களையும் விட்டுவிடுகிறீர்கள். ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும்போதும் அட்டை கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மை அப்பிய பலகை மாதிரி வருகிறது. சில சமயம் வருவதே இல்லை, இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. பைண்டர் கட்டரால் செய்ததை நாம் கணினியால் செய்கிறோம். நூறு வருஷம் கழித்து ஒருவர் தேடினால் எழுத்துக் கிடைக்கும், அந்த இதழைக் கையில் எடுத்தவர் முதலில் பார்த்தது என்ன என்பது கிடைக்காது.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா இதை முன்னாலேயே அறிந்தவர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், பிறகு ஊருக்கு வந்து வாழ்நாள் முழுவதும் அச்சிட்ட தாளைச் சேர்த்தார். புத்தகத்தோடு நிற்கவில்லை. இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதெல்லாம் அவர் வீட்டில் பத்திரமாக இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அதிலிருந்துதான் 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. படம் வரைகிற கை என்பதால்தான் அட்டையும் அறிக்கையும் பாதுகாக்க வேண்டியவை என்று அவருக்குத் தெரிந்தது என்று நான் நம்புகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. பங்கு பிரிந்த வீடுகளிலிருந்து வந்த ரவிவர்மா படம், எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு கடையில் பழைய தீபாவளி மலர் அட்டை ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மலர் எங்கே என்று கேட்டேன். அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டதாகக் கடைக்காரர் சொன்னார். வீட்டில் அட்டை இல்லாத கதை, கடையில் கதை இல்லாத அட்டை. அன்று வீடு வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை.

சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்ட்டூன் போட்டால் இதழின் கனம் குறைந்துவிடும் என்று உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூ யார்க்கர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு பூங்கா, கோடை விடுமுறையில் ஜனங்கள் ஆடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். உள்ளே திறந்தால் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு பிழைத்த ஆறு பேரைப் பற்றி ஜான் ஹெர்ஸி எழுதிய ஒரே கட்டுரை இதழ் முழுவதும். அந்த வாரம் ஒரு கார்ட்டூன்கூடக் கிடையாது. வாரா வாரம் சிரிக்க வைத்த இதழ் என்பதால்தான் அந்த வெறுமை வாசகர்களைத் தாக்கியது. 2001 செப்டம்பரில் அதே இதழ் கறுப்பின் மேல் கறுப்பாக இரட்டைக் கோபுரங்களை அட்டையில் போட்டது. சட்டென்று பார்த்தால் வெறும் கறுப்புத்தான், சாய்த்துப் பிடித்தால்தான் கோபுரம் தெரியும். எழுபது வருஷத்துக்கு மேல் அட்டையை ஓவியருக்கே விட்டுப் பழகிய இதழுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு அட்டை போட முடிந்தது. ஒரு நாளில் வருகிற துணிச்சல் அல்ல.

ஆகவே என் வேண்டுகோள். உள்ளடக்கப் பக்கத்தில் எழுத்தாளர்களோடு ஓவியர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், கடைசிப் பக்கத்து மூலையில் 'அட்டை வடிவமைப்பு' என்று பொடி எழுத்தில் வேண்டாம். எழுத்தாளருக்குக் கொடுப்பதைப் போல அவருக்கும் சன்மானம் கொடுங்கள், எவ்வளவு சிறியதாக இருந்தாலும். வருஷத்துக்கு ஓர் இதழாவது அட்டையில் ஒரு பெயரும் போடாமல் ஓவியத்தை மட்டும் விடுங்கள். கடையில் விற்காது என்றால் பெயர்களைப் பின்னட்டையில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் சந்தாதாரர்கள், எங்களுக்கு வீட்டுக்கே வருகிறது. நியூ யார்க்கரில் வசனமில்லாத கார்ட்டூனைப் போட்டு வாசகர்களையே வசனம் எழுதச் சொல்கிறார்கள். அதை நீங்களும் செய்து பாருங்கள். கொங்குத் தமிழிலும் நாஞ்சில் தமிழிலும் எங்கள் ஆச்சிமார் தமிழிலும் வரும் வசனங்களை வைத்தே தனி மலர் போடலாம்.

கடைசியாக ஒன்று. என்னிடம் ஆத்தா சேர்த்த தொகுதிகள் தவிர, நான் சந்தா கட்டி வாங்கிய சிற்றிதழ்கள் அட்டையோடு இருக்கின்றன. பைண்டிங் செய்யவில்லை, கரையான் வராமல் வேப்பிலையும் வசம்பும் போட்டு மாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். உங்கள் இதழின் பழைய அட்டை உங்களிடமே இல்லையென்றால் ஸ்கேனரோடு வாருங்கள். வண்ணத்தில், ஓரம் வெட்டாமல், பின்னட்டை விளம்பரம் உட்பட எடுத்துக்கொண்டு போகலாம். வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். சித்திரை வெயிலுக்கு முன்னால் வந்தால் நல்லது, மாடியில் அதற்குமேல் உட்கார முடியாது.

அன்புடன்,
கண்டனூரிலிருந்து ஒரு வாசகி